இரண்டாவது கறுப்புப் பெட்டி

விடிந்ததிலிருந்து க்ரஸ்தினா வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாள். செருப்பின் அதிர்வுகூட ஆகாது என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். தேயான் அந்த அளவுக்குச் சொல்லவில்லை. அவன் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்:

"தொடாதீங்க. நகர்த்தாதீங்க. கரண்ட் மட்டும் போகாம பாத்துக்குங்க. இது ஒரு தடவை நின்னுட்டா மறுபடி எழுந்திருக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

கணினி மேசையின் மேல், மடித்த துண்டு ஒன்றில், அந்தக் கறுப்புப் பெட்டி கிடந்தது. தடித்த புத்தகம் அளவு இருக்கும். உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் சில நாளாகவே டிக் டிக்கென்று தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் புதிதாக வாங்கிய டிஸ்க். பழையதில் இருப்பதைச் சொட்டுச் சொட்டாகப் புதியதில் இறக்கும் வேலையைக் கணினிக்கடை தேயான் நேற்று மாலை தொடங்கி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

பழையதில் இருந்தது அவள் கணவன் லூபெனின் குரல்.

முப்பது வருஷம் விராட்சா நகர வானொலியில் கால்பந்து வர்ணனை சொன்ன குரல் அது. 'கோல்' என்று அவன் இழுத்தால் ஊரில் பாதிப் பேர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். போன வருஷம் வந்த நரம்பு நோய் முதலில் அவன் நாக்கைப் பிடித்தது, பிறகு தொண்டையை. இப்போது கைவிரல்களுக்கும் இறங்கிவிட்டது. தலைநகர் சோபியாவில் ஒரு பேச்சு மையத்தில் வழி சொன்னார்கள். குரல் இருக்கும்போதே வாக்கியம் வாக்கியமாகப் படித்துப் பதிவு செய்து அனுப்புங்கள், பின்னால் நீங்கள் எழுத்தைத் தட்டினால் கருவி உங்கள் குரலிலேயே பேசும் என்றார்கள்.

குளிர்காலம் முழுக்க லூபென் ஒலிவாங்கியின் முன்னால் உட்கார்ந்து படித்தான். 'கதவைச் சாத்து.' 'இன்றைக்கு மழை வருமா?' 'எனக்கு அது பிடிக்கவில்லை.' பிசிறடித்ததைக் கோடை முடிகிறவரை திரும்பப் படித்தான். எல்லாம் முடிந்தபின் மொத்தமாகத்தான் அனுப்புவேன் என்று பிடிவாதம் பிடித்தான். அரைகுறை ஒலிபரப்பு நான் என்றைக்குச் செய்திருக்கிறேன் என்று கேட்டான். வேறு எங்காவது ஒரு பிரதி எடுத்து வை என்று க்ரஸ்தினா சொன்னாள். மகள் யானா பிளோவ்திவிலிருந்து போன் போட்டுச் சொன்னாள். இந்தப் பெட்டி இத்தனை வருஷ ஆட்டத்தையும் வைத்திருக்கிறது, இதையும் வைத்திருக்கும் என்றுவிட்டான் லூபென். கடைசி வாக்கியம் முடிவதற்கும் குரல் முடிவதற்கும் சரியாக இருந்தது. அனுப்பலாம் என்று திறந்த அன்றைக்குத்தான் பெட்டி கனைத்தது.

இனி ஒரு வாக்கியம்கூட அவனால் படிக்க முடியாது. வருகிற வாரம் தொண்டையில் துளை போட்டு மூச்சுக்குழாய் வைக்க ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு இப்போது வருகிற குழறல்கூட வராது.

பெட்டிக்கு அருகில் நாற்காலியைப் போடச் சொல்லி, முழங்காலில் போர்வையோடு, ராத்திரியெல்லாம் லூபென் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எது வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டாள்.

அவன் பதில் சொன்னான். வேறு யார் காதுக்கும் அது அடைத்த குழாயில் காற்று வாங்குகிற சத்தம். அவளுக்கு மட்டும்தான் அதில் வார்த்தைகள் தெரியும்.

"எல்லாம் பழைய ஆட்டம். நம்ம ஊர் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கின வருஷம் ஓடுது."

தேயான் இதையும் விளக்கியிருந்தான். நகல் முன்னாலிருந்து பின்னாலே போகும். குளிர்காலத்தில் பதிந்ததெல்லாம் வால்பக்கத்தில் கிடக்கிறது. அங்கே போய்ச்சேர இன்றைக்கு ராத்திரியாவது ஆகும்.

"வால் வர்றதுக்குள்ள இது செத்துப்போச்சுன்னா," என்றான் லூபென், "காலம் பூரா கார்னர் கிக்னுதான் சொல்லிட்டிருப்பேன். தண்ணி வேணும்னா கார்னர் கிக். போர்வை வேணும்னா ஃப்ரீ கிக்."

"சூப் வேணும்னா?"

"பெனால்டி."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குப் பார்த்துச் சிலுவைத் திருநாள். பெயரிலேயே சிலுவை இருப்பதால் அது க்ரஸ்தினாவின் பெயர்நாள்.

பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. நினைவிருக்கிறவர்கள் வருவார்கள், வருகிறவர்களுக்கு மேசை போட்டிருக்க வேண்டும். கதவைப் பூட்டிக்கொண்டு ஆளில்லாத மாதிரி இருந்துவிடலாமா என்று அவள் முந்தின நாளே யோசித்தாள். லூபென் ஒப்பவில்லை.

"திறந்து வை. நான் இன்னும் சாகலை."

சரி என்று அவளும் எல்லா ஏற்பாட்டையும் யோசித்துத்தான் செய்தாள். கட்டடம் கட்டினபோது போட்ட மின்கம்பிதான் இன்னும் வீட்டில். ஆகவே துவைக்கும் யந்திரம் ஓடவில்லை. இஸ்திரிப் பெட்டி ஓடவில்லை. பூசணி அடையைக்கூட நேற்று மதியமே, தேயான் வருவதற்கு முன்னால், சுட்டு எடுத்துவிட்டாள். விரதநாள் என்பதால் கறி கிடையாது. பீன்ஸ் அடைத்த மிளகாய், திராட்சை, ஊறுகாய், ராக்கியா என்கிற பழச்சாராயம். எல்லாம் ஆறினதாகவே மேசைக்கு வந்தன. கணினி அறைக்கதவைச் சாத்தி அதன் குறுக்கே ஒரு நாற்காலியைப் போட்டாள். இதற்குமேல் ஒருத்தி என்ன யோசிக்க முடியும்?

பதினோரு மணிக்குமேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவள் வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து இரண்டு பெண்கள் பூங்கொத்தோடு வந்தார்கள். "பேரோட நூறு வருஷம் இரு" என்று ஒருத்தி இந்தக் கன்னத்திலும் மற்றவள் அந்தக் கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். பின்னால் மூன்றாம் மாடிக்காரர் படியேறுகிற சத்தம். க்ரஸ்தினாவின் ஒரு கையில் பூ, இன்னொரு கையில் அடைத்தட்டு.

அப்போதுதான் முற்றத்திலிருந்து சொன்கா அக்கா குரல் கொடுத்தாள்.

"அடியே க்ரஸ்தி! ஒயரை விடு!"

செப்டம்பர் வந்தால் அந்தக் கட்டடத்துப் பெண்கள் முற்றத்தில் கூடி மிளகாய் வாட்டுவார்கள். மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடைமிளகாய். பானை மாதிரி நிற்கும் மின்னடுப்பில் ஒவ்வொன்றாக இறக்கி, தோல் கருகினதும் எடுத்து உரித்து, குளிர்காலத்துக்குப் பாட்டிலில் அடைப்பார்கள். கரண்ட் எப்போதும் க்ரஸ்தினாவின் வீட்டிலிருந்துதான். முற்றத்துக்கு மேலே உள்ள முதல் பால்கனி அவளுடையது. சுருட்டின ஒயர் அங்கேயே ஆணியில் தொங்கும். கூப்பிட்டால் இறக்கிவிடுவாள். இத்தனை செப்டம்பரில் ஒரு தடவைகூட அதை அவள் யோசித்துச் செய்ததில்லை.

இந்தத் தடவையும் யோசிக்கவில்லை. தட்டை வைத்தாள், பால்கனிக்குப் போனாள், ஒயரை இறக்கினாள், மறுமுனையைச் சமையலறைச் சுவரில் செருகினாள். திரும்பி வந்து மருந்துக்கடைப் பெண்களிடம், உட்காருங்கள், ஏன் நின்றுகொண்டே இருக்கிறீர்கள் என்று சொன்னாள்.

கீழே சொன்கா அக்கா தன் அடுப்பைப் போட்டாள். பக்கத்தில் இன்னொருத்தி தன்னுடையதையும் போட்டாள்.

முதலில் நின்றது குளிர்பெட்டி. அதன் உறுமல் அடங்கியது க்ரஸ்தினாவுக்குக் காதில் விழுந்தது. அதற்கப்புறம் சாத்தின கதவுக்கு அந்தப்பக்கம் எதுவுமே காதில் விழவில்லை. டிக் டிக் இல்லை. மேசையில் யாரோ ராக்கியா ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளேயிருந்து லூபென் ஒரு சத்தம் எழுப்பினான். அதில் வார்த்தை இல்லை. அவளுக்குக்கூட இல்லை.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பிறகு சமையலறைச் சுவரிலிருந்து முற்றத்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, நடையில் இருந்த ஃபியூஸ் பெட்டிக்கு ஓடினாள். மாட்டினாள். விளக்கு வந்தது. குளிர்பெட்டி உறுமியது. கறுப்புப் பெட்டியில் பச்சை வெளிச்சம் வந்தது. உள்ளே ஏதோ சுழன்று எழுந்தது. டிக், டிக், டிக், டிக், பிறகு பெருமூச்சு விட்ட மாதிரி இறங்கி நின்றுபோனது.

அவள் கறுப்புப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். மறுபடியும் அதே. இன்னொரு தடவை. இந்தத் தடவை டிக் இல்லை. தகரத்தில் மணலைத் தேய்க்கிற சத்தம்.

"விடு," என்றான் லூபென். "க்ரஸ்தி, விடு."

"ஒயரை நான்தான் இறக்கினேன்."

"தெரியும்."

"கூப்பிட்டா, இறக்கிட்டேன். நெனைக்கவே இல்லை லூபென். கை தானாப் போச்சு."

அவனால் கத்த முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

வெளி அறையில் மேசையைச் சுற்றி இருந்தவர்களுக்கு, ஃபியூஸ் போயிற்று, சரிசெய்துவிட்டேன் என்று சொன்னாள். மிளகாயை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். புதிதாக இரண்டு பேர் வந்தார்கள், அவர்களுக்கும் கன்னத்தைக் கொடுத்தாள். மூன்றாம் மாடிக்காரர் அவள் பேருக்குக் கோப்பையைத் தூக்கினார். அவளும் தூக்கினாள். எல்லாருடைய உதடுகளும் அசைவது தெரிந்தது. எதுவும் காதில் ஏறவில்லை. இந்த மேசையை விட்டு எழுந்து கதவைத் திறந்து, எல்லாரும் போங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. சொல்லவில்லை. பெயர்நாளில் அதைச் சொன்ன ஒருத்தியை அந்த ஊர் பார்த்ததில்லை.

அவள் போன் போட்டதும் தேயான் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். பெட்டியைக் காதருகே வைத்து மெல்லச் சாய்த்துப் பார்த்தான், கீழே வைத்தான்.

"எத்தனை தடவை போட்டீங்க?"

அவள் சொன்னாள். அவன் திட்டவில்லை. திட்டாததே பயமாக இருந்தது.

உள்ளே தட்டு மாதிரி ஒன்று சுழல்கிறது, அதன்மேல் மயிரிழை உயரத்தில் ஓர் ஊசி படித்துக்கொண்டே போகிறது, அந்த ஊசிதான் போய்விட்டது என்றான். தட்டில் எழுதினது இன்னும் இருக்கலாம். சோபியாவில் தூசியே இல்லாத ஓர் அறையில் வைத்துத் திறந்து ஊசியை மாற்றுகிற ஆள் ஒருவரை அவனுக்குத் தெரியும். ஆனால் மாற்றுகிற ஊசி அச்சாக அதே மாதிரி பெட்டியிலிருந்து வர வேண்டும். அதே வகை, அதே தொழிற்சாலை, கிட்டத்தட்ட அதே மாதம். ஊசி கொடுத்த பெட்டி பிறகு எதற்கும் ஆகாது.

"அவர்கிட்ட வர்ற வழியிலேயே கேட்டுட்டேன் அக்கா. இந்த வகை கொஞ்ச நாள்தான் வித்தாங்களாம். அவர் அலமாரில இல்லை. வெளிநாட்டுல தேடச் சொல்லலாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைச்சாலும் எப்ப வரும்னு தெரியாது."

"அப்ப புதுசு?"

"புதுசு எதுக்கு? அதுல எழுத முதல்ல எடுக்கணுமே." அவன் கொஞ்சம் தணிந்தான். "எடுத்தாச்சுன்னு வைங்க. அப்ப ஒண்ணு போதாது, ரெண்டு வேணும். ஒண்ணு இங்க. இன்னொண்ணு வேற வீட்ல. இந்த வீட்ல என்ன ஆனாலும் அங்க இருக்கும். யார் வீட்டுல வைக்கப் போறீங்கன்னு இப்பவே யோசிச்சுக்கங்க."

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டை அவன் சத்தமாகப் படித்துக் குறித்துக்கொண்டான். மாதமும் வருஷமும் வந்தபோது க்ரஸ்தினா தலையைத் தூக்கினாள். லூபெனும் அதே நேரத்தில் அவளைப் பார்த்தான்.

அது அவள் மாமியார் வாங்கிக் கொடுத்த பெட்டி. அந்த வருஷப் புத்தாண்டில், ஒரே கடையில், ஒரே நாளில், இரண்டு. மாமியார் வாழ்நாள் முழுக்க எதையும் ஒன்றாக வாங்கினதில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில் கோட்டு, ஒரே அளவில் பனிச்சறுக்கு வண்டி, ஒரே மாதிரி கடிகாரம். கிழவி கணினியைத் தொட்டதே கிடையாது. ஆனாலும் சின்னவன் கேட்டான் என்பதற்காகப் பெரியவனுக்கும் ஒன்று வாங்கினாள்.

"உங்க அண்ணன்கிட்ட..." என்று தொடங்கினாள்.

"வேண்டாம்."

"ஒக்னியான் அத்தான்கிட்ட இன்னும் அது இருக்கு. யானா போன வருஷம் அங்க போனப்ப பாத்திருக்கா."

"வேண்டாம்னேன்."

தேயான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். விடிகாலையில் சோபியாவுக்கு வேறு வேலையாகக் கிளம்புகிறேன், பெட்டியைக் கையோடு கொண்டுபோகிறேன், இன்னொன்று கிடைத்தால் ராத்திரிக்குள் சொல்லுங்கள் என்றான். வாசல்வரை போய்த் திரும்பினான். "அந்த இன்னொண்ணுக்கும் இதே வயசுதான்கிறதை மறந்துடாதீங்க. கிடைச்சா தடதடன்னு தூக்கிட்டு வராதீங்க. போட்டுப் பாக்கவும் வேண்டாம்."

அண்ணனும் தம்பியும் பேசி ஐந்து வருஷமாகிறது. தாயைப் புதைத்துவிட்டு வந்து எல்லாரும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். வானொலிக்காரன் ஆயிற்றே, நாலு வார்த்தை சொல்லட்டும் என்று எல்லாரும் லூபெனைப் பார்த்தார்கள். கோப்பையோடு எழுந்தான். நின்றான். வாய் வரவில்லை. உட்கார்ந்துவிட்டான். ஒக்னியான் எல்லார் முன்னாலும், "இருபத்திரண்டு பேருக்கு ஓடற வாய், பெத்தவளுக்கு ஓடலையா?" என்று கேட்டுவிட்டார். லூபென் அன்றைக்கு எழுந்து போனவன்தான். வார்த்தை வரவில்லை என்பதுதான் உண்மை என்று அவனும் பிறகு போய்ச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று அவரும் வந்து சொல்லவில்லை.

க்ரஸ்தினா குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு போன் போட்டாள்.

"யாரு?"

"நான்தான் அத்தான். க்ரஸ்தினா."

"பேர்நாள் வாழ்த்து. ஆனா பேர்நாளுக்குக் கூப்பிடற வழக்கம் நம்ம ஊர்ல கிடையாதே."

"கூப்பிடலை. ஒண்ணு கேக்கணும்."

அவள் சொன்னாள். நோயைப் பற்றி அவருக்குத் தெரியும். ஊரில் யாருக்குத் தெரியாது? பதிவுகளைப் பற்றி, டிஸ்க்கைப் பற்றி, ஒயரைப் பற்றி, ஊசியைப் பற்றிச் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை.

"அப்ப என்னோடதை உடைக்கணும்."

"முதல்ல அதுல இருக்கறதை வேறொண்ணுல நகல் எடுத்துடுவோம் அத்தான்."

"அந்த நகல் எடுக்கறப்பதானே உங்களோடது போச்சு?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இதுல அம்மா இருக்கா, க்ரஸ்தினா. கடைசி ரெண்டு வருஷம் நான் எடுத்த படமெல்லாம். திராட்சை ஆயறா. பக்கத்து வீட்டு நாயை விரட்டறா. என்னைத் திட்டறா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் அந்தத் திட்டைத்தான் போட்டுக் கேக்கறேன்."

"தெரியும் அத்தான்."

"அவன் கேக்கச் சொன்னானா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லை. வேண்டாம்கிறார்."

"அப்ப சரி," என்று போனை வைத்துவிட்டார்.

அவள் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கதவுக்கு வெளியே யாரோ அவள் பேரைச் சொல்லி ஊறுகாய் எங்கே என்று கேட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் விருந்தாளிகள் கலைந்தார்கள். விஷயம் சொன்கா அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டிருந்தது. வாட்டாத மிளகாய் மூட்டையை முற்றத்திலேயே விட்டுவிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரத் தொட்டியின் முன்னால் நின்று தட்டுகளைத் தேய்த்தாள். க்ரஸ்தினா தடுத்தாள்.

"விடு," என்றாள் சொன்கா அக்கா. "நாப்பது வருஷமா ஒயரு, ஒயருன்னு கத்தறேன். ஒரு நாளாவது மேல வந்து, விடலாமான்னு கேட்டிருக்கேனா?"

"நான்தான் செருகினேன் அக்கா."

"நான்தான் கத்தினேன். பங்கு போட்டுக்குவோம், போ. அந்தத் தட்டை எடு."

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பூட்டாத கதவை யாரோ தட்டினார்கள்.

நடையில் ஒக்னியான் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இரண்டு கையாலும் மார்போடு அணைத்து ஒரு மூட்டையைப் பிடித்திருந்தார். கம்பளிச் சால்வை ஒன்றில் சுற்றினது. அந்தச் சால்வையை க்ரஸ்தினாவுக்குத் தெரியும். மாமியாருடையது.

"பேர்நாளுக்கு வந்தேன்," என்றார். "கூப்பிடாம."

அவளுக்கு முத்தம் கொடுக்க மூட்டை தடுத்தது. நெற்றியை மட்டும் அவள் நெற்றியில் வைத்து எடுத்தார்.

"பஸ்ஸில மடியில வெச்சிட்டே வந்தேன். அந்தப் பாலத்துக்கிட்ட பள்ளத்துல குதிச்சான் பாரு, எழுந்து போய் டிரைவரை வாங்கு வாங்குன்னு வாங்கினேன். நான் இருபத்தெட்டு வருஷம் ஓட்டின தடம். யாரை ஏமாத்தறான்?"

பேசிக்கொண்டே வந்தவர் அறைவாசலில் நின்றுவிட்டார். நாற்காலியில் போர்வைக்குள் இருந்தவனைப் பார்த்தார். நோய் தெரிந்துதான் வந்திருக்கிறார். ஆனாலும் கேள்விப்படுவது வேறு. லூபெனின் கழுத்து காலரில் ஒட்டாமல் நின்றது. அவர் சால்வையை அவிழ்க்கத் தொடங்கினார். விரல்கள் முடிச்சைக் கண்டுபிடிக்கவில்லை.

உள்ளேயிருந்து வெளியே வந்தது அதே கறுப்புப் பெட்டி. மூலையில் ஒரு கீறல்கூட இல்லை. மேசைமேல் செத்துக் கிடந்ததன் பக்கத்தில் வைத்தார். ஒன்றுக்கொன்று அடையாளம் சொல்ல முடியவில்லை.

"நகல் எடுக்கலை," என்றார். "எனக்குத் தெரியாது எடுக்க. அந்தப் பையன் எடுப்பான்னா எடுக்கட்டும். முடியலைன்னா..." நிறுத்தினார். "முடியலைன்னாலும் எடுத்துக்கட்டும்."

லூபென் பேசினான்.

நீளமாகப் பேசினான். மூச்சு இடையில் அறுந்தது, மறுபடி பிடித்துப் பேசினான். எச்சில் தாடையில் வழிந்தது. க்ரஸ்தினாவுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"கொண்டுபோகச் சொல்லு. அம்மாவை உடைச்சு எனக்கு ஒரு குரல் வேண்டாம். அன்னைக்கு எனக்கு வாய் வரலை. அது அவருக்குப் புரியலை. இன்னைக்கு இது புரிஞ்சு என்ன ஆகப்போகுது? பாவம்னு பாக்க வந்திருக்கார். பாத்தாச்சு. போகச் சொல்லு."

ஒக்னியான் முகத்தில் ரத்தமே இல்லை. தம்பியின் வாயிலிருந்து வந்ததை அவர் முதல் தடவையாகக் கேட்கிறார். பயந்த குழந்தை மாதிரி க்ரஸ்தினாவின் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றான்?"

கையில் ஈரத்துணியோடு சொன்கா அக்கா சமையலறை வாசலுக்கு வந்திருந்தாள். மேசையில் இரண்டு கறுப்புப் பெட்டிகள். விடிகாலையில் தேயானின் வண்டி. வரும் வாரம் ஆஸ்பத்திரி.

"உட்காருங்கங்கிறார் அத்தான்," என்றாள் க்ரஸ்தினா. "வர்ற வழியில சிரமம் ஒண்ணும் இல்லையேன்னு கேக்கறார்."

ஒக்னியானின் தோள்கள் இறங்கின. நாற்காலியை இழுத்துத் தம்பிக்கு எதிரே உட்கார்ந்தார். சிரமம் இல்லை, பஸ்தான் குலுக்கல் என்று லூபெனிடமே சொன்னார், சத்தமாக, காது கேளாதவனிடம் சொல்கிற மாதிரி.

லூபென் அண்ணனைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தான். மதியம் ஒயரை இறக்கினவளை அவன் இப்படிப் பார்க்கவில்லை. அது கை செய்த தப்பு.

குளிர்காலம் முழுக்க இந்த அறையில் அவன் எதற்காக உட்கார்ந்து படித்தான் என்பது க்ரஸ்தினாவுக்கு அந்தப் பார்வையில்தான் உறைத்தது. தண்ணீர் கேட்க அவனுக்குக் குரல் தேவையில்லை. அவன் முகம் பார்த்தே அவள் கொடுப்பாள். 'எனக்கு அது பிடிக்கவில்லை' என்று சொல்லத்தான் தேவை. அவன் வாயில் வேறொருவர் வார்த்தை வைக்காமல் இருக்கத்தான் தேவை. முதல் ஆளாக வைத்தது அவள்தான்.

ஒக்னியான் தம்பி முகத்திலிருந்து அவள் முகத்துக்குப் பார்வையை மாற்றினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"க்ரஸ்தினா. அதைக் கேக்கவா அவ்வளவு நேரம் பேசினான்?"

அவள் வாயைத் திறந்தாள். லூபென் நாற்காலிக் கையில் விரலால் தட்டினான். ஒரு தடவை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவன் பார்வை மேசையில் இருந்த அவளுடைய போனுக்குப் போயிற்று. அவள் எடுத்து எழுத்துப் பலகையைத் திறந்து அவன் மடியில் வைத்தாள். வலது கையில் ஒரே ஒரு விரல்தான் இன்னும் சொன்னபடி கேட்டது. அதுவும் சாயங்காலமானால் நடுங்கும். ஒரு வார்த்தைக்கே நெடுநேரம் ஆகும் என்பதால் அவன் எழுதுவதையே விட்டிருந்தான்.

ஒக்னியான் சட்டைப்பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். கிடைத்தது. மாட்டிக்கொண்டு, நாற்காலியை இன்னும் நெருக்கி, தம்பியின் முழங்காலருகே குனிந்தார். ஒவ்வோர் எழுத்து விழும்போதும் அவர் உதடுகள் அதைச் சொல்லிப் பார்த்தன.

க்ரஸ்தினா எட்டிப் பார்க்கவில்லை. இது அவள் வழியாகப் போகக் கூடாத பேச்சு. பக்கத்துக் கட்டடத்து முற்றத்திலிருந்து கருகின மிளகாய் வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"அண்ணா," என்று ஒக்னியான் படிப்பது காதில் விழுந்தது. ஐந்து வருஷத்துக்குப் பிறகு. அவர் குரல் அந்த ஒரு வார்த்தையில் உடைந்தது.

விரல் நிற்கவில்லை. அடுத்த எழுத்தைத் தேடி நகர்ந்தது.